பிள்ளை என்ன சாப்பிட்டது?



தோட்டத்தில் ஒருவரை ஒருவர் கண்டால் நாம் முதலில் கேட்பது, "பசியாறிட்டீங்களா?" என்பதுதான். இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் தாயைக் கண்டால், "பிள்ளை சாப்பிட்டிச்சா?" என்கிறோம். "ஆச்சு" என்று பதில் வருகிறது. அதோடு பேச்சும் முடிந்துவிடுகிறது. என்ன சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது, தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது வீட்டு விஷயத்தில் தலையிடுவது போல் ஆகிவிடும் என்று தயங்குகிறோம்.

ஆனால் இந்தக் கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டிய நேரங்கள் உண்டு. கிளினிக்கில் தாதி ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்பார். பாலர் பள்ளியில் ஆசிரியர் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வார். சில வேளைகளில் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்கள் வந்து வீடு வீடாகக் கேட்பார்கள். பள்ளி செல்லும் வயதை எட்டாத பிள்ளைகள் என்ன உண்கிறார்கள் என்பதைக் கேள்வித்தாள் மூலம் எப்படி அளக்கிறார்கள், அதற்கு நாம் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதை இன்று காண்போம்.

முதலில், இதை ஏன் அளக்க வேண்டும்? நமது நாட்டுச் சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தனர். அதாவது ஐவரில் ஒருவருக்கும் மேல். 2022-ஆம் ஆண்டு ஆய்விலோ, ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். வயிறு நிறைந்திருக்கிறது, உடம்புக்கு வேண்டியது மட்டும் வந்து சேரவில்லை. உயரத்தையும் எடையையும் அளந்தால் குறை இருக்கிறது என்பது தெரியும். அந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, பிள்ளையின் தட்டைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் தராசோடு போய் உட்கார முடியாது. ஆகவேதான் கேள்வி கேட்கிறார்கள்.

கேள்வி கேட்பது எளிது என்று நாங்களும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எப்படிப் பொய்த்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பள்ளியின் பாலர் வகுப்பில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மெலிந்த உடம்பு. காலை ஒன்பது மணிக்கெல்லாம் மேசைமேல் தலை சாய்த்து விடுவான். ஒரு முறை எல்லாப் பெற்றோரையும் அழைத்து, ஒரு கேள்வித்தாளை வைத்து நாங்களே கேட்டு எழுதினோம். "பால் குடிப்பானா?" என்று கேட்டோம். "குடிப்பான் டீச்சர், நாளைக்கு மூணு தடவை" என்றார் அவன் தாயார். 'பால், மூன்று முறை' என்று எழுதி, நல்ல பிள்ளை என்று மனத்துக்குள் ஒரு சரி போட்டுக்கொண்டோம். உணவில் குறை இல்லை என்று தாளும் சொன்னது. அவன் சோம்பேறி என்று நாங்களும் முடிவு கட்டிவிட்டோம்.

சில மாதங்களுக்குப் பிறகு அவனைக் கூட்டிப்போக அவன் பாட்டி வந்தார். பேச்சுவாக்கில், "என்ன பால் கொடுக்கிறீங்க பாட்டி?" என்று கேட்டோம். "தேத்தண்ணிதான் டீச்சர். ரெண்டு கரண்டி டின் பாலு ஊத்தி, கெட்டியாக் கலக்கிக் கொடுப்பேன். அதைக் குடிச்சிட்டா அப்புறம் ஒண்ணும் கேக்கமாட்டான்" என்றார்.

தாயார் பொய் சொல்லவில்லை. தோட்டத்தில் 'பால்' என்றால் எத்தனை பொருள்! மரத்தில் வடிவதும் பால், தாய் கொடுப்பதும் பால், டின்னில் வருவதும் பால். நாங்கள் கேட்ட கேள்விதான் அரைகுறை. 200 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு கோப்பைப் பசும்பாலில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. இரண்டு தேக்கரண்டி இனிப்புக் கெட்டிப்பாலில் இருப்பது ஏறத்தாழ ஒரு கிராம்தான். அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. இப்போது கடைகளில் விற்கும் டின்கள் பலவற்றில் இருப்பது கெட்டிப்பால்கூட அல்ல. தாவரக் கொழுப்புச் சேர்த்துச் செய்த இனிப்புக் கிரீமர். அதில் புரதம் இன்னும் குறைவு. போதாக்குறைக்கு, சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்பதைக் குறைத்துவிடும். ஆக, எங்கள் தாளில் பாலாக இருந்தது அவன் வயிற்றில் சர்க்கரைத் தண்ணீராக இருந்தது.

இதிலிருந்து கேள்வித்தாளைப் பற்றிய முதல் பாடம் கிடைக்கிறது. உணவின் பெயரை மட்டும் கேட்டால் போதாது. என்ன வகை, எப்படிச் செய்தது, எதில் கலந்தது, எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது பாடம், யாரைக் கேட்பது என்பது. சிறு பிள்ளைகள் தாங்கள் உண்ட அளவைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். ஏழெட்டு வயதாகும்வரை பெரியவர்களைத்தான் கேட்கவேண்டும் என்பது இத்துறை அறிஞர்களின் கருத்து. ஆனால் எந்தப் பெரியவரை? விடிவதற்கு முன்பே பால் வெட்டப் போகும் தாய், பிள்ளை காலையில் பசியாறுவதைப் பார்ப்பதில்லை. பாட்டியோ, அக்காளோ, ஆயாவோ கொடுக்கிறார். பத்து மணிக்குப் பாலர் பள்ளியில் உண்கிறது. மாலையில் தாத்தாவோடு கடைக்குப் போய் ஏதோ ஒன்றைத் தின்கிறது. ஒரே நாள் உணவுக்கு நான்கு சாட்சிகள். தாயை மட்டும் கேட்டால் கிடைப்பது நாளின் ஒரு பகுதிதான். ஆகவே கேள்வித்தாள் வரும் நாளில் பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கொள்வது நல்லது.

இனி, கேட்கும் முறைகளைப் பார்ப்போம். முக்கியமானவை மூன்று.

முதலாவது, நேற்றைய ஒரு நாளை நினைவுபடுத்திக் கேட்பது. இதை 24 மணி நேர நினைவுமுறை என்பார்கள். நேற்றுப் பிள்ளை எழுந்தது முதல் இன்று எழுந்தது வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லவேண்டும். நல்ல முறையில் கேட்பவர் ஒரே மூச்சில் கேட்டு முடிக்க மாட்டார். பல சுற்றாகக் கேட்பார். முதல் சுற்றில் நினைவுக்கு வந்ததையெல்லாம் சொல்லவிடுவார். அடுத்த சுற்றில் மறந்ததைத் தேடுவார்: "இடையில் பிஸ்கட், மிட்டாய், கெரோப்போக், ஐஸ் கிரீம் ஏதாவது? தண்ணீர் கேட்டபோது என்ன கொடுத்தீர்கள்?" பிறகு, ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு, எங்கே, யார் கொடுத்தது என்பார். அதன்பின் எவ்வளவு என்பார். கடைசியாக எல்லாவற்றையும் ஒரு முறை படித்துக் காட்டி, விட்டுப்போனது உண்டா என்று கேட்பார்.

அளவு சொல்வதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "கொஞ்சம்", "நிறைய" என்பவை அளவுகள் அல்ல. வீட்டில் புழங்கும் பாத்திரங்களே நமது படிக்கற்கள். தேக்கரண்டி என்றால் 5 மில்லிலிட்டர், மேசைக் கரண்டி என்றால் 15 மில்லிலிட்டர். பிள்ளையின் மங்கு எவ்வளவு கொள்ளும் என்பதைத் தண்ணீர் ஊற்றி ஒரு முறை அளந்து வைத்துக்கொள்ளலாம். மீன் துண்டையும் கோழித் துண்டையும் தீப்பெட்டி அளவு, அதில் பாதி என்று சொல்லலாம். சில ஆய்வாளர்கள் உணவுப் படங்களைக் கொண்டுவந்து, இதில் எது என்று காட்டச் சொல்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் போட்டது வேறு, பிள்ளை தின்றது வேறு. ஒரு மங்கு சோறு போட்டோம், பாதி மிஞ்சியது, அதைக் கோழிக்குக் கொட்டினோம். ஒரு முட்டை அவித்துக் கொடுத்தோம். வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டான். கேள்வித்தாளில் எழுத வேண்டியது அரை மங்கு சோறும் முட்டையின் வெள்ளையும். தாய்மார்கள் போட்டதையே சொல்லிவிடுவது இயல்பு, ஏனென்றால் அவர்கள் கை அறிந்தது அதைத்தான். மிஞ்சியதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்குச் சரியாகும்.

ஆனால் நேற்றைய நாள் எல்லா நாளையும் போன்றதா? சம்பளம் போட்ட வாரத்தில் கோழி இருக்கும். மாதக் கடைசியில் ரசமும் கருவாடும் இருக்கும். கோயில் திருவிழா என்றால் மூன்று நாளும் அன்னதானம். காய்ச்சல் என்றால் கஞ்சி. ஆகவே ஒரு நாளை மட்டும் கேட்டு ஒரு பிள்ளையைப் பற்றி முடிவு செய்யக் கூடாது. குறைந்தது இரண்டு நாள், அதுவும் அடுத்தடுத்து வராத நாள்களாக, ஒன்று ஓய்வு நாளாக இருக்கும்படி கேட்பது வழக்கம்.

சிறு பிள்ளைகளின் உணவு வேளைக்கு வேளை மாறும் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியான் பர்ச் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், இரண்டு முதல் ஐந்து வயதுவரை உள்ள 15 பிள்ளைகள் ஆறு நாள்களில் உண்டதை அளந்து வெளியிட்டார்கள். ஒரு வேளைக்கும் இன்னொரு வேளைக்கும் வேறுபாடு மிகுதியாக இருந்தது. ஆனால் ஒரு நாளின் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தபோது, நாளுக்கு நாள் வேறுபாடு மிகச் சிறிதாக இருந்தது. காலையில் குறைவாகத் தின்ற பிள்ளை பிறகு ஈடு செய்துகொண்டது. மதியம் சோற்றைத் தள்ளிவிட்டதே என்று கலங்கும் தாய்மார்களுக்கு இது ஆறுதல். ஒரு வேளையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஒரு வேளையைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம்.

இரண்டாவது முறை, வழக்கத்தைக் கேட்பது. ஓர் உணவுப் பட்டியலைக் கொடுத்து, கடந்த ஒரு மாதத்தில் இதைப் பிள்ளை எத்தனை முறை உண்டது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்று கேட்பார்கள். ஒருவரின் நீண்ட நாளைய உணவு வழக்கத்தைக் கேட்டறியும் முறையை அமெரிக்காவில் பெர்த்தா பர்க் என்ற அம்மையார் 1947-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். பட்டியல் வடிவக் கேள்வித்தாளை வால்டர் வில்லெட் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் சோதித்து 1985-இல் வெளியிட்ட பிறகு, அது உலகெங்கும் பரவியது.

இதில் கணக்குப் போடுவது எப்படி? ஒரு பிள்ளை வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 200 மில்லிலிட்டர் பால் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 மில்லிலிட்டர். அதை ஏழால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 86 மில்லிலிட்டர். அரைக் கோப்பைக்கும் குறைவு. "அடிக்கடி குடிப்பான்" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்த உண்மை இப்படி எண்ணாக வெளியே வருகிறது.

இந்த முறையில் பட்டியல்தான் உயிர். வேறு நாட்டில் எழுதிய பட்டியலை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால், நம் பிள்ளைகள் கண்டிராத உணவுகளெல்லாம் அதில் இருக்கும். தோசை, பருப்பு, நெத்திலி, சாடின், கங்கோங், மீ, தேத்தண்ணி இருக்காது. பட்டியலில் இல்லாத உணவைப் பிள்ளை தின்னவே இல்லை என்று தாள் முடிவு செய்துவிடும்.

இதில் இன்னொரு குறையும் உண்டு. ஒரு தாய் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: கீரை வாரத்தில் மூன்று முறை, பயற்றங்காய் மூன்று, கோபிஸ் நான்கு, கேரட் நான்கு, பூசணி மூன்று, கத்தரிக்காய் மூன்று. தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் நியாயமாகவே தோன்றும். கூட்டிப் பாருங்கள், இருபது முறை. அந்த வீட்டிலோ நாளுக்கு ஒரு காய்கறிதான் சமைக்கிறார்கள். வாரத்துக்கு ஏழுதான் வரவேண்டும். ஒவ்வொன்றிலும் சிறிது கூட்டிச் சொன்னது, கடைசியில் மும்மடங்காகி நிற்கிறது. இதனால்தான் நல்ல கேள்வித்தாளில், "மொத்தத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை காய்கறி?" என்று தனியாக ஒரு கேள்வியும் இருக்கும்.

மூன்றாவது முறை, உண்ணும்போதே எழுதுவது. மூன்று நாளைக்கு ஒரு நோட்டில், கொடுத்ததையும் மிஞ்சியதையும் அளந்து, அப்போதைக்கப்போது எழுதவேண்டும். நினைவை நம்பவேண்டியதில்லை என்பதால் இது கூடுதல் நம்பிக்கைக்குரியது. ஆனால் வேலைக்குப் போகும் தாய்க்கு இது பெரிய சுமை. எழுதுவதற்குச் சோம்பி, அந்த மூன்று நாளும் சமையலையே சுருக்கிவிடுவோரும் உண்டு. ஆகவே ஆய்வாளர்கள் சில வீடுகளில் மட்டும் இப்படி எழுதச் சொல்லி, அதோடு கேள்வித்தாளின் விடையை ஒப்பிட்டு, கேள்வித்தாளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்க்கிறார்கள். அதே கேள்விகளைச் சில வாரம் கழித்து மறுபடியும் கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்றும் பார்ப்பதுண்டு.

இதைவிட நுட்பமான சோதனை ஒன்றும் இருக்கிறது. சாதாரண ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விடச் சற்றுக் கனமான, கேடில்லாத அணுக்கள் அடங்கிய நீரைக் குடிக்கச் செய்து, சில நாள்களுக்குச் சிறுநீரைச் சோதித்து, உடம்பு எவ்வளவு சக்தியைச் செலவிட்டது என்று கணக்கிடுகிறார்கள். 1980-களிலிருந்து மனிதர்களிடம் இம்முறை பயன்படுகிறது. இதைக்கொண்டு, நான்கு முதல் ஏழு வயதுக்குள் உள்ள பிள்ளைகளின் பட்டியல் கேள்வித்தாளை அமெரிக்காவில் சோதித்து 1994-இல் வெளியிட்டார்கள். பெற்றோர் சொன்ன உணவு, பிள்ளைகள் உண்மையில் செலவிட்ட சக்தியைவிட மிக அதிகமாக இருந்தது.  தம் பிள்ளை நன்றாகத் தின்றது என்று நம்ப விரும்பாத பெற்றோர் எங்கே இருக்கிறார்கள்?

பதில்கள் கிடைத்த பிறகு, அவற்றை உணவுச் சத்து அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள். கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நமது நாட்டு உணவுகளில் என்னென்ன சத்து எவ்வளவு என்று ஆராய்ந்து வந்திருக்கிறது. நாசி லெமாக்கும் தோசையும் அந்தக் கணக்கில் உண்டு. அதைக்கொண்டு பிள்ளைக்குக் கிடைத்த சத்தைக் கண்டு, சுகாதார அமைச்சு 2017-இல் வெளியிட்ட பரிந்துரைகளோடு வைத்துப் பார்க்கிறார்கள். அதன்படி நான்கு முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 கலோரி வேண்டும்.

தாய்மார்களே, இத்தனை கணக்கும் நாம் சொல்லும் பதிலின் மேல்தான் நிற்கிறது. அந்தப் பதிலைக் கெடுப்பது மறதி மட்டுமன்று; வெட்கமும்தான். "ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொன்னால் டீச்சர் என்ன நினைப்பார்?" என்ற எண்ணம் வந்தவுடன், ஒரு டம்ளர் பாலும் ஓர் ஆப்பிளும் தாமாகவே தாளில் ஏறிவிடுகின்றன. இதில் கேட்பவர்களுக்கும் பங்குண்டு. நாங்கள் அன்று பாட்டியைக் கேட்டபோது, "அய்யோ, தேத்தண்ணியா!" என்று முகத்தைச் சுளித்திருந்தால், அடுத்த கேள்விக்கு உண்மை வந்திராது. கேட்பவர் புகழவும் கூடாது, கடிந்துகொள்ளவும் கூடாது. தராசு பேசுவதில்லை அல்லவா, அதுபோல இருக்கவேண்டும்.

மாதக் கடைசியில் வீட்டில் மீன் வாங்க முடியவில்லை என்றால், அதையும் அப்படியே சொல்லுங்கள். அது தாயின் குற்றமாக எழுதப்படுவதில்லை. மறைத்துவிட்டால், நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குறை ஒன்றும் இல்லை என்றே தாள் சொல்லும். குறை இல்லாத இடத்துக்கு உதவி எப்படி வரும்?

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அவன் தாயாரையும் பாட்டியையும் ஒன்றாக உட்காரவைத்து, நேற்று எழுந்தது முதல் என்று மறுபடியும் கேட்டோம். இம்முறை தாளில் பால் இல்லை. தேநீர் மூன்று முறை, சோறு இரண்டு மங்கில் பாதிப் பாதி, பிஸ்கட், கெரோப்போக் என்று வந்தது. அந்தத் தாளோடு கிளினிக்குக்குப் போகச் சொன்னோம். இரத்தத்தைச் சோதித்து, சோகை இருக்கிறது என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் தேநீரை நிறுத்தச் சொன்னார்கள். பாட்டி, சோற்றோடு பருப்பும் முட்டையும் நெத்திலியும் பிசைந்து ஊட்டத் தொடங்கினார். சில மாதங்களில் அவன் மேசையில் தலை சாய்ப்பது குறைந்தது. அவனைச் சோம்பேறி என்று எண்ணியதற்காக நாங்கள்தான் வெட்கப்பட்டோம்.

கேள்வித்தாள் வரும்வரை நீங்களும் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய நோட்டு ஒன்றை அடுப்படியில் தொங்கவிடுங்கள். வேலை நாள் இரண்டு, ஓய்வு நாள் ஒன்று என மூன்று நாளைக்கு, பிள்ளைக்குக் கொடுப்பவர் யாரானாலும் என்ன, எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எழுதட்டும். எழுதத் தெரியாத பாட்டி சொன்னால், பள்ளிக்குப் போகும் பேரன் எழுதலாம். பால் என்று எழுதும் இடத்தில் என்ன பால் என்றும் எழுதுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, பிள்ளையின் எடையும் உயரமும் குறித்த புத்தகத்தோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையைப் பார்ப்பவருக்கு அது மிகவும் உதவும்.